எதிர்ப்புச் சக்தி என்ற சொல்லை விற்பவர்கள்

போன மாதம் மலாக்கா டவுனில் ஓர் இலக்கியச் சந்திப்புக்குப் போயிருந்தேன். நண்பர் ஒருவரின் கடைக்கு மேல்மாடி, இருபது பேர், தேநீர். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டுப் பாரம்பரிய மருத்துவத்தில் வந்து நின்றது. நான் மதிக்கும் ஒருவர், நிறைய வாசிப்பவர், சொன்னார்: "ஜப்பான்காரனப் பாருங்க. அவன் மூலிகைய விட்டுக் குடுக்கல. கேன்சர் பேஷண்டுக்கே கம்போ மருந்து குடுக்குறான். நாமதான் வெள்ளைக்காரன் மாத்திரையே கதின்னு கெடக்கோம்." கைத்தட்டல் கிடைத்தது. நான் தட்டவில்லை. எழுந்து பதில் சொல்லவும் இல்லை. எனக்குக் கூட்டத்தில் பேச வராது. அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் மருத்துவன் இல்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் உலைகளின் வெப்பக் கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொள்பவன். ஆனால் கம்போ என்ற பெயர் அந்தக் கூட்டத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். நியாலாஸில், என் சின்னம்மா வீட்டு மேசைமேல், அது ஒரு பெட்டியாக இருந்தது.

2018 தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சின்னம்மா என் அம்மாவிடம் மட்டும் சொன்னார், இடது மார்பில் கட்டி மாதிரி ஏதோ தட்டுப்படுகிறது என்று. வலி இல்லை. அம்மா பிடிவாதமாக அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். தாதி பார்த்தார், டாக்டர் பார்த்தார், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். அங்கே தேதி கிடைத்தது ஆறு வாரம் தள்ளி.

அந்த ஆறு வாரத்துக்குள் உறவுக்கார மாமா ஒருவர் வந்தார். தொழிற்சாலை பஸ் ஓட்டுபவர், பகுதி நேரமாக நேரடி விற்பனை. பெட்டியில் ஃபூஜி மலைப் படம், ஜப்பானிய எழுத்து, உள்ளே பழுப்பு மாத்திரைகள். விலை 380 வெள்ளி. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் ஒருத்திக்கு 380 வெள்ளி என்றால் என்ன என்று இதை வாசிப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும்.

மாமா ஒருநாளும் "இது கேன்சரக் கொணமாக்கும்" என்று சொல்லவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "இது மருந்தே இல்ல தங்கச்சி. எதிர்ப்புச் சக்திய ஏத்தி விடும். அப்புறம் கட்டிய ஒடம்பே பாத்துக்கும்." கூடவே கைப்பேசியில் ஒரு செய்தியையும் காட்டினார். அந்த அக்டோபரில்தான் ஜப்பானின் தசுக்கு ஹோன்ஜோவுக்கும் அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனுக்கும் புற்றுநோய் எதிர்ப்பாற்றல் ஆய்வுக்காக நோபல் பரிசு அறிவித்திருந்தார்கள். "பாத்தியா, ஜப்பான்காரன், எதிர்ப்புச் சக்தி, நோபல்."

அம்மாவுக்குச் சந்தேகம். எனக்கு ஃபோன் பண்ணினார். "நீ படிக்கிற பிள்ள, பாத்துச் சொல்லு." நான் அப்போது இறுதியாண்டு. பெட்டியில் சின்னதாக எழுதியிருந்த ஜுசென்-தைஹோ-தோ என்ற பெயரைப் போட்டுத் தேடினேன். ஓர் ஆய்வுக் கட்டுரை கிடைத்தது. அந்தக் கஷாயம் கொடுத்த எலிகளுக்கு ஈரலில் புற்றுக்கட்டிகள் குறைந்தன, எதிர்ப்பாற்றல் அணுக்கள்தான் காரணம் என்றது சுருக்கம். சுருக்கத்தைக்கூட நான் முழுதாக வாசிக்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன்: "ஆராய்ச்சி இருக்கும்மா. சாப்புடட்டும், கெடுதல் ஒண்ணுமில்ல."

ஆஸ்பத்திரி தேதிக்குச் சின்னம்மா போகவில்லை. ஒன்பது மாதம், ஒன்பது பெட்டி. தோல் வெடித்துப் புண்ணான பிறகுதான் அழைத்துப் போனோம். நான்காம் கட்டம் என்றார்கள். அடுத்த வருடம் இறந்தார். வயது 51.

மாமாவைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அதே மாத்திரையை அவரும் சாப்பிட்டார், தன் மனைவிக்கும் கொடுத்தார். அவர் நம்பி விற்றார், நான் வாசிக்காமல் சான்றிதழ் கொடுத்தேன். இரண்டில் எது மோசம் என்று எனக்குத் தெரியும்.

பிறகு அந்தக் கட்டுரையை முழுக்க வாசித்தேன். எலிகளுக்குக் கஷாயத்தை ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் புற்று அணுக்களை உடம்புக்குள் செலுத்துகிறார்கள். அதாவது கட்டி வருவதற்கு முன்னால் மருந்து. எந்த மனுஷனுக்கு அப்படிக் கொடுக்க முடியும்? சின்னம்மாவுக்குக் கட்டி ஏற்கெனவே இருந்தது. எழுதியவர்கள் எதையும் மறைக்கவில்லை, எல்லாம் அதிலேயே தெளிவாக இருந்தது. "எதிர்ப்பாற்றல்", "கட்டி", "குறைந்தது" என்ற மூன்று சொற்களை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். விற்பவர்கள் செய்வதும் இதுதான்.

இங்கே ஒரு சட்டத்தைச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இருபது நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றைத் தீர்க்கும் என்று பொதுமக்களிடம் மருந்தை விளம்பரம் செய்யக்கூடாது என்கிறது. புற்றுநோய் அந்தப் பட்டியலில் இருக்கிறது. "எதிர்ப்புச் சக்தி" அதில் இல்லை, ஏனென்றால் அது ஒரு நோயே இல்லை. ஆக, நோயின் பெயரைச் சொல்லாமல், அந்த நோய் உள்ளவரிடம் போய், "சக்தி" என்று சொன்னால் போதும். மிச்சத்தைப் பயந்துபோன மனசே நிரப்பிக்கொள்ளும். நம் வாட்சாப் குழுக்களில் இந்தச் சொல் இவ்வளவு புழங்குவதற்கு இதைவிடப் பெரிய தத்துவக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பெட்டியில் அரசாங்கப் பதிவெண் இருந்தது, ஒளிரும் ஒட்டியும் இருந்தது. "கவர்மெண்டே ஒத்துக்கிட்ட மருந்து" என்றார் மாமா. எம்.ஏ.எல். என்று தொடங்கும் அந்த எண் 'டி' என்ற எழுத்தில் முடிந்தால் அது பாரம்பரியத் தயாரிப்பு என்று பொருள். கன உலோகம் இருக்கிறதா, கிருமி இருக்கிறதா, கலப்படம் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது. அது கட்டியைக் குறைக்குமா என்று சோதித்துக் கொடுத்த எண் அல்ல. இந்த ஓர் எழுத்தின் பொருளைத் தமிழில் எந்த மேடையிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பாரம்பரியத்தின் பெருமையை மட்டும் நூறு மேடையில் கேட்டிருக்கிறேன்.

சரி, ஜப்பானுக்கு வருவோம். கூட்டத்தில் பேசிய நண்பர் சொன்னது பாதி உண்மை. அங்கே கம்போ உயிரோடு இருக்கிறது. 1967 முதல் அரசாங்க மருத்துவக் காப்புறுதியில் சேர்த்தார்கள், இன்று 148 கலவைகள் அந்தப் பட்டியலில் உள்ளன. புற்றுநோயாளிகளுக்கும் கொடுக்கிறார்கள். அவர் சொல்லாத மறுபாதி: அதை எழுதிக் கொடுப்பவர் யார்? மெய்ஜி காலத்திலேயே, மேற்கத்திய மருத்துவம் படித்தவருக்குத்தான் மருத்துவ உரிமம் என்று ஜப்பான் முடிவு செய்துவிட்டது. கம்போவுக்கென்று தனி மருத்துவர் உரிமம் இன்றும் அங்கே இல்லை. ஸ்கேன் எடுத்து, ரத்தம் பார்த்து, அறுவைக்கு அனுப்பும் அதே டாக்டர்தான் கம்போவும் எழுதுகிறார். 2001 முதல் எல்லா மருத்துவ மாணவர்களுக்கும் அது பாடத்திட்டத்தில் இருக்கிறது. "அறுத்தால் பரவும், வேண்டாம், இதைச் சாப்பிடு" என்று சொல்லும் கம்போ அந்த ஏற்பாட்டில் கிடையாது.

என்னத்துக்குக் கொடுக்கிறார்கள்? சின்னம்மா பெட்டியில் இருந்த அதே ஜுசென்-தைஹோ-தோ, ஜப்பானில் நோய்க்குப் பிந்திய பலவீனம், களைப்பு, பசியின்மை, ரத்தசோகை, கை கால் சில்லிடுவது போன்றவற்றுக்கு அனுமதிக்கப்பட்ட மருந்து. அறுவையும் கீமோவும் உடம்பை உருக்கிய பிறகு கொஞ்சம் தெம்பு வரட்டும் என்று எழுதிக் கொடுப்பது. கட்டிக்கு அல்ல.

இன்னொரு வேடிக்கை. அது ஜப்பானில் பிறந்ததே இல்லை. சீனாவில் சோங் அரசர் காலத்து மருந்துநூலில் உள்ள பத்துச் சரக்குக் கலவை அது. ஜின்செங், லவங்கப்பட்டை, அதிமதுரம் எல்லாம் சேர்ந்தது. "ஷி சுவான் தா பூ" என்று கேட்டுப் பாருங்கள், ஜாசினிலோ மலாக்காவிலோ எந்தச் சீன மருந்துக் கடையிலும் பொட்டலமாகக் கிடைக்கும். நம் சீன நண்பர்கள் வீட்டில் கோழியோடு போட்டு சூப் வைப்பார்கள். சில வெள்ளி. நாங்கள் 380 கொடுத்தது ஃபூஜி மலைப் படத்துக்கு.

ஜப்பானிடமிருந்து நாம் இறக்குமதி செய்யாதது ஒன்று இருக்கிறது. எண்ணுவது. ஷோ-சைக்கோ-தோ என்று ஒரு கம்போ உண்டு. ஈரல் அழற்சிக்காக அங்கே ஏராளமானவர்கள் சாப்பிட்டார்கள். ஈரல் சுருக்கம் உள்ள 260 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். மருந்து எடுத்த குழுவில் ஈரல் புற்று குறைவாகத் தெரிந்தது, ஆனால் முழுக் குழுவையும் சேர்த்துப் பார்க்கும்போது அடித்துச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. 1995-இல் அதை அப்படியே வெளியிட்டார்கள். அடுத்த வருடமே, 1996-இல், அதே மருந்து சாப்பிட்டவர்களில் 88 பேருக்கு நுரையீரல் அழற்சி, அதில் 10 பேர் இறந்தார்கள் என்று ஜப்பான் சுகாதார அமைச்சு எச்சரித்தது. மூலிகைதானே, பக்கவிளைவு இல்லை என்று அங்கே யாராலும் அதற்குப் பிறகு சொல்ல முடியவில்லை.

இன்னொன்று. கீமோவினால் கை கால் மரத்துப் போவதைத் தடுக்கும் என்று கோஷ-ஜிங்கி-கான் என்ற கலவையை நம்பினார்கள். பெருங்குடல் புற்றுநோயாளிகள் 182 பேர், பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் போலி மாத்திரை. இடையில் கணக்குப் பார்த்தால் மருந்து எடுத்தவர்களுக்கே மரப்பு அதிகம். ஆய்வை நிறுத்தினார்கள், 2015-இல் முடிவை அச்சிட்டார்கள். காளானிலிருந்து எடுத்து, எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புற்றுநோய் மருந்து என்று 1977 முதல் விற்ற கிரெஸ்டினையும் விடவில்லை. மறு ஆய்வு செய்து, கீமோவோடு சேர்த்து மட்டும் கொடுக்கலாம் என்று 1989-இல் சுருக்கினார்கள். 2017-இல் அதன் விற்பனையே நின்றது.

தன் பாட்டி வைத்த கஷாயத்தையும் போலி மாத்திரையோடு நிறுத்தி ஒப்பிட்டு, தோற்றால் தோற்றது என்று எழுதுகிறவனுக்குத்தான் "என் பாரம்பரியம்" என்று சொல்ல உரிமை உண்டு. நம்மில் எத்தனை பேர் நிலவேம்புக் கஷாயத்தைப் பற்றி, கபசுரக் குடிநீரைப் பற்றி இப்படி ஒரு கேள்வி கேட்டோம்? கேட்டவனை என்ன பெயர் சொல்லித் திட்டினோம்? பெருந்தொற்றுக் காலத்து வாட்சாப் குழுக்களை நினைத்துப் பாருங்கள்.

இப்போது அந்த நோபல் விஷயம். நான் வேலை செய்யும் உலையில் "சக்தியை ஏத்து" என்று யாராவது சொன்னால், எதை, எவ்வளவு, எந்த அளவுக்கு மேல் போனால் யார் நிறுத்துவது என்று கேட்போம். சூடு ஏற்றும் சுருள் மட்டும் இருந்து, வெட்டிவிடும் சுவிட்ச் இல்லாத உலை எரிந்துபோகும். உடம்பின் எதிர்ப்பாற்றலும் ஒரு தொட்டியில் ஏறி இறங்கும் தண்ணீர் இல்லை. முடுக்கியும் பிரேக்கும் சேர்ந்தது. ஹோன்ஜோவின் கியோத்தோ ஆய்வகம் 1992-இல் கண்டுபிடித்த பி.டி.-1 என்பது டி அணுக்களின் மேல் இருக்கும் ஒரு பிரேக். நம் சொந்த உறுப்புகளை நம் அணுக்களே தாக்காமல் இருக்க அது வேண்டும். பல புற்றுக்கட்டிகள் கள்ளத்தனமாக அந்த பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொள்கின்றன. தாக்க வந்த டி அணு பக்கத்திலேயே சும்மா நிற்கிறது. புதிய மருந்து அந்த மிதித்த காலை எடுத்துவிடுகிறது. எல்லாருக்கும் எல்லாப் புற்றுக்கும் அது வேலை செய்வதில்லை. பிரேக் போனதால் சிலருக்கு நுரையீரலையும் குடலையும் தைராய்டையும் அவர்கள் அணுக்களே தாக்குகின்றன. அதனால்தான் ஆஸ்பத்திரியில் கண்காணித்துக் கொடுக்கிறார்கள்.

ஆக, நோபல் பரிசு "எதிர்ப்புச் சக்தியை ஏத்தினதுக்கு" கிடைக்கவில்லை. பிரேக் எங்கே என்று கண்டுபிடித்ததற்குக் கிடைத்தது. பழுப்பு மாத்திரை சாப்பிட்டால் அந்த பிரேக் விடுபடும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. மாமா காட்டிய செய்தி உண்மை. பெட்டிக்கும் அதற்கும் இருந்த ஒரே தொடர்பு ஜப்பான் என்ற பெயர்.

மூலிகையில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். நம் லயத்து வாசலில் தானாக முளைக்கும் நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்ளுங்கள். பல நாடுகளில் அதைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயம் வைத்தார்கள். கனடாவில் ராபர்ட் நோபலும் சார்லஸ் பீரும் சர்க்கரை குறைகிறதா என்று பார்க்கத்தான் அதைச் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளை அணுக்கள் சரிந்தன. பாட்டி வைத்தியம் சொன்னது பொய்த்தது, சோதனையில் வேறொன்று கிடைத்தது. வெள்ளை அணுக்களே பெருகி நோயாவதுதானே ரத்தப்புற்று? அந்தச் செடியிலிருந்து வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் வந்தன. ரத்தப்புற்று வந்த குழந்தைகளுக்கு இன்றும் வின்கிரிஸ்டின் ஊசி போடுகிறார்கள். கவனியுங்கள், நம் வாசல் செடியிலிருந்து வந்த உண்மையான புற்று மருந்து "எதிர்ப்புச் சக்தியை ஏத்தும்" மருந்து இல்லை, இறக்கும் மருந்து. அளவு மாறினால் விஷம். இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு யாரும் இலையைப் பறித்து அரைக்க வேண்டாம்.

இனி நண்பரின் வாதத்தில் உள்ள நியாயத்துக்கு வருகிறேன். வெள்ளைக்காரன் மருத்துவத்தின்மேல் நம் ஆட்களுக்கு இருக்கும் சந்தேகம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. தோட்டத்து டிரஸர் எந்த நோய்க்கும் ஒரே தண்ணி மருந்தை ஊற்றி, "போய் மரம் வெட்டு" என்று விரட்டிய கதையை என் பாட்டி சாகும்வரை சொன்னார். சின்னம்மா கதையிலும் அது இருக்கிறது. ஆஸ்பத்திரியில் தேதி எழுதிக் கொடுத்தவர் மலாய் வேகமாகப் பேசினார். ஊசி வைத்து சதை எடுப்பார்கள் என்பது மட்டும் சின்னம்மாவுக்குப் புரிந்தது. ஏன் என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. மாமா உட்கார்ந்தார். தமிழில் பேசினார். மூன்று மணி நேரம் இருந்து, தேத்தண்ணி குடித்து, பயத்தைக் கேட்டார். 380 வெள்ளிக்குச் சின்னம்மா வாங்கியதில் பாதி அந்த மூன்று மணி நேரம்தான்.

இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரி தமிழில் பேசவில்லை என்பதற்குத் தீர்வு, ஆஸ்பத்திரியில் தமிழில் பேச ஆள் வேண்டும் என்று கேட்பது. டாக்டர் அவசரப்படுத்தினார் என்றால் இன்னொரு முறை கூடவே போய்க் கேட்பது. நம் எழுத்தாளர்கள் அதைக் கேட்பதில்லை. காலனியம், அறிவு அதிகாரம், நம் மண்ணின் மருத்துவம் என்று எழுதுகிறார்கள். எழுதியவருக்கே கட்டி வந்தால் காடியை எடுத்துக்கொண்டு தனியார் மருத்துவமனைக்குப் போகிறார். அந்தக் கட்டுரையின் சாரம் மட்டும் கை மாறிக் கை மாறி நியாலாஸுக்கு வந்து சேர்கிறது. கடைசியில் அதற்கு விலை கொடுப்பவர், ஒரு வெள்ளி கட்டணத்தில் பார்க்கும் அரசாங்கக் கிளினிக்கை நம்பாமல் போனவர்.

எண்களையும் பார்த்துவிடுவோம். தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி 2012 முதல் 2016 வரை நம் நாட்டில் கண்டறியப்பட்ட புற்றுநோய்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்பட்டன. மார்பகப் புற்று முதல் கட்டத்தில் தெரிந்தால் ஐந்து ஆண்டு கடப்பவர்கள் ஏறக்குறைய 87 விழுக்காடு, நான்காம் கட்டத்தில் 23. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பரவாத நிலையில் புற்று தெரிந்தும் மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்த 281 பேரை வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் மட்டும் பார்த்தால் ஐந்து மடங்குக்கும் மேல். மாத்திரையில் விஷம் இருக்க வேண்டியதில்லை. ஒன்பது மாதம் போதும். "சாப்புடட்டும், கெடுதல் ஒண்ணுமில்ல" என்று நான் சொன்னது எங்கே தப்பு என்றால் இங்கேதான்.

இரண்டையும் சேர்த்துச் செய்ய வழியே இல்லையா என்றால், நம் நாட்டிலேயே இருக்கிறது. 2007-இல் கெப்பாலா பாத்தாஸ் மருத்துவமனையில் தொடங்கி, சில அரசாங்க மருத்துவமனைகளில் பாரம்பரிய மருத்துவப் பிரிவுகள் உள்ளன. புற்றுநோய் சிகிச்சை எடுப்பவர்களுக்குத் துணையாக மூலிகை கொடுப்பதும் அவற்றின் சேவைகளில் ஒன்று. துணையாக என்பதுதான் அங்கே முக்கியம், அறுவைக்கும் கீமோவுக்கும் பதிலாக அல்ல. 2016-இல் வந்த பாரம்பரிய மருத்துவச் சட்டம் சித்தம், ஆயுர்வேதம் உட்பட இந்தியப் பாரம்பரிய மருத்துவத்தையும் அங்கீகரித்து, மருத்துவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. சித்தத்தை நேசிப்பவர்கள் செய்ய வேண்டிய வேலை அங்கே இருக்கிறது. எந்தச் சூரணம் எதற்கு, எத்தனை பேரிடம் பார்த்தோம், எத்தனை பேருக்கு ஈரல் கெட்டது என்று எழுதிவைக்கும் வேலை. கைத்தட்டல் கிடைக்காத வேலை.

கூட்டத்தில் பேசிய நண்பர் இந்தத் தளத்தை வாசிப்பவர். அவர் மறுத்து எழுதட்டும், நான் வாசிக்கிறேன். இந்த முறை முழுக்க வாசிப்பேன். எழுதும்போது எந்த மருந்து, எந்த நோயின் எந்தக் கட்டத்துக்கு, எத்தனை பேரிடம், எதோடு ஒப்பிட்டு என்று எழுதட்டும். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். "எதிர்ப்புச் சக்தி" என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் எழுதட்டும்.